கலியமூர்த்தி அண்ணனின் குதிகால்

போன வாரம் கரிக்கலாம்பாக்கத்தில் என் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு காலத்தில் நாற்று நட்ட நிலம். இப்போது பிளாட் போட்டு, வரிசையாக வீடுகள் கட்டி, ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. என் மருமகன் சமையலறைக்குள் நுழைந்தால் ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடந்தது. ஆவி அடங்குவதற்குள் குக்கர் மூடியைத் திறக்கப் பார்த்து, மணிக்கட்டில் சுட்டுக்கொண்டான். இன்ஜினியரிங் படித்தவன், கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி, ஊருக்கெல்லாம் ஹெல்மெட் போடச் சொல்கிறவன் என்ன செய்தான் தெரியுமா? நேராகக் குளியலறைக்கு ஓடி, பற்பசையைப் பிதுக்கிக் கையில் அப்பிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், வாட்சைக் கழற்றச் சொல்லி, பசையைக் கழுவிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்ட வைத்தேன். ஐஸ் வைக்கலாமா அத்தை என்றான். பேசாமல் நில் என்றேன். கொப்புளம் வந்தால் உடைக்காதே, சுத்தமான துணியால் தளர்வாக மூடு, உள்ளங்கை அளவுக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதை முப்பத்தைந்து வருஷம் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லிக் கடைசியில் என் வீட்டுக்குள்ளேயே பற்பசை வந்து நிற்கிறது, போங்கள்.

அந்தப் புதினா வாசனை இருக்கிறதே, மற்றவர்களுக்கு அது காலையில் பல் விளக்குகிற வாசனை. எனக்கு அது தீக்காய வாசனை. அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தும் அது மூக்கைவிட்டுப் போகவில்லை. அதோடு பழைய ஊரும் வந்துவிட்டது.

நான் கிராம செவிலியராக வேலைக்குப் போன முதல் ஊர், கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே நடக்க வேண்டிய ஊர். எனக்கு இருபத்துமூன்று வயது. வில்லியனூர்ப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டுப் பெண். வெள்ளைப் புடவை, நீலக் கரை, தோளில் ஒரு பை, தலை நிறையப் பயிற்சிப் பள்ளியில் படித்த பாடம். துணை சுகாதார நிலையம் என்று போர்டு இருந்ததே தவிர, உள்ளே ஒரு ஒற்றை அறை, ஒரு பெஞ்சு, ஒரு தராசு, ஒரு மண்பானை, அவ்வளவுதான். குழாய் இருந்தது. தண்ணீர் வராது.

அந்த ஊரில் தீக்காயங்கள் என்னிடம் கலர் கலராக வரும். நீலமாக வந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீடு, பேனா இங்க்கை ஊற்றியிருப்பார்கள். வெள்ளையாக வந்தால் இரண்டு வகை: புளித்த வாசனை அடித்தால் இட்லி மாவு, புதினா வாசனை அடித்தால் பற்பசை. கறுப்பாக வந்தால் வண்டி அச்சுக்குப் போடுகிற மசை, மாடு வைத்திருக்கிற வீடு. பழுப்பாக வந்தால் காபித்தூள், கொஞ்சம் வசதியான வீடு. சொல்தா வீடு என்று ஒன்று இருந்தது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் குடும்பம். அந்த வீட்டம்மாவுக்கு எண்ணெய் தெறித்தபோது பாரிஸிலிருந்து வந்த முகக் கிரீமைத் தடவிக்கொண்டு மணக்க மணக்க வந்தார். காயத்தைப் பார்க்கும் முன்பே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன்.

அதையெல்லாம் சுரண்டிக் கழுவுவதற்குள் அவர்கள் கத்துவார்கள், நான் அவர்களைவிடக் கத்துவேன். வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. தண்ணீர் ஒரு மருந்தா என்று கேட்பார்கள். ஒருமுறை ஒருத்தி வெந்நீர் கொட்டிய தொடையில் வாழைக் குருத்தை விரித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அதைப் பிடுங்கி எறிந்து, ஆடு மாடா நீ, இலையைக் கட்டிக்கொண்டு வருகிறாய் என்று திட்டினேன். வாரத்துக்கு ஒருநாள் டவுனிலிருந்து வருகிற டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, சுத்தமான வாழை இலை காயத்தில் ஒட்டாது, வலிக்காமல் எடுக்கலாம், நீ எறிந்தது ஒன்றுதான் அந்த ஊரில் உருப்படியான வைத்தியம் என்றார். அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சுடுவதற்குக் காரணமா இல்லை அந்த ஊரில்? உமி அடுப்பு, பம்ப் ஸ்டவ், கஞ்சித் தொட்டி, நைலக்ஸ் புடவை, மோட்டார் சைக்கிள் சைலன்சர். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் பாகு தெறித்தால் அது தோலைப் பிடித்துக்கொண்டு விடாது, அதுதான் எனக்குப் பயம். ஆனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதில் எதுவும் இல்லை. நான் சொல்ல வந்தது நான் வைத்த சூடு.

கலியமூர்த்தி அண்ணன் கரும்பு வெட்டுகிறவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியாக, நெட்டையாக, யாரிடமும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவர் மனைவி அஞ்சலையக்கா பேசிவிடுவாள். அவர் முதலில் என்னிடம் வந்தது மாசி மாதத்தில். குதிகால் வெடிப்பு. வெடிப்பு என்றால் உங்களுக்கும் எனக்கும் வருகிற வெடிப்பு இல்லை. நாலணாக் காசைச் செருகலாம், அப்படிப் பிளந்து ரத்தம் கசிந்தது. பிறந்ததிலிருந்து செருப்புப் போடாத கால். வெட்டிய கரும்புக் கட்டை மேலேயே நடந்து நடந்து பாதம் அடியில் கொட்டாங்கச்சி மாதிரி ஆகியிருந்தது.

வேறு செவிலியராக இருந்தால் கொஞ்சம் வேஸ்லினைக் கொடுத்து அனுப்பியிருப்பாள். நான் விடுவேனா? பயிற்சியில் பாதப் பராமரிப்பு என்று ஒரு பாடம் இருந்தது, அதில் நான்தான் முதல் மார்க். வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைத்தேன். நுரைக்கல்லால் தேய்த்தேன். தடித்த தோலை உரிக்கிற வெள்ளைக் களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் பையைக் கட்டி, ரப்பர் செருப்பு வாங்கிப் போட வைத்தேன். அவருக்குக் கூச்சம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், அரசாங்க உத்தியோகம் பார்க்கிறேன் என்ற நினைப்பில் அவர் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிவதற்குள் குதிகால் என்ன அழகாகிவிட்டது என்கிறீர்கள்! தடுப்பூசி போட வந்த பெண்களிடமெல்லாம் அவர் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பாருங்கள், சொன்னபடி கேட்டால் எப்படி ஆகிறது என்று பீற்றிக்கொண்டேன். அவர்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஊரில் அவருக்கு மாப்பிள்ளைக் கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அஞ்சலையக்காகூட, என் காலைவிட அவர் கால் மெத்தென்று இருக்கிறது, இனிமேல் அவர் மிதித்தால்கூட வலிக்காது என்று கேலி செய்தாள்.

வைகாசியில் துரோபதையம்மன் கோயிலில் தீமிதி. பதினெட்டு நாள் காப்பு. காப்புக் கட்டினவர்கள் கவிச்சி தொடக்கூடாது, சாராயக் கடைப் பக்கம் போகக்கூடாது, வீட்டில் தனிப்பாயில் படுக்க வேண்டும், காலில் செருப்புக் கூடாது. சக்திக் கரகம் எடுக்கிற பூசாரி முதலில் குழியில் இறங்குவார். அவருக்கு அடுத்து இறங்குவது கலியமூர்த்தி அண்ணன். அவர்களுடைய ஒரே மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஜுரம் கண்டு பிழைத்ததற்காக ஆரம்பித்த வேண்டுதல். பதினாலு வருஷமாக அந்த இடம் அவருடையது. ஓட மாட்டார். வரப்பில் போகிற மாதிரி நிதானமாக நடந்து வருவார் என்று ஊரே சொல்லும்.

நான் தீமிதி பார்த்தது அதுதான் முதல் தடவை. வேதக்காரப் பெண் வரலாமா என்று தயங்கினேன், அஞ்சலையக்காதான் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்வரிசையில் நிறுத்தினாள். சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரம். புளியங்கட்டையும் வேலங்கட்டையும் எரிந்து தணலாகி, முறத்தால் விசிறிச் சாம்பலை ஒதுக்கிச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். என் முகத்தில் அனல் அடித்தது. கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் கத்த, கரகம் போயிற்று. அடுத்து மஞ்சள் வேட்டியில் கலியமூர்த்தி அண்ணன் இறங்கினார். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் அவர் முகம் மாறிற்று. அப்புறம் ஓடினார்.

ஓட்டம் என்றால் நாலைந்து எட்டுதான். ஆனால் அதை ஊரே பார்த்தது. குழி முடிவில் பால் கலந்த தண்ணீர்க் குழி ஒன்று இருக்கும், மிதித்து வந்தவர்கள் அதில் காலை நனைத்துக்கொண்டு போவார்கள். அவர் அதிலிருந்து வெளியே வரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் பக்கத்தில் நின்ற அஞ்சலையக்காவின் கை என் கையைவிட்டு நழுவியது.

உங்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். அந்த ஊரில் அன்றைக்குத் தீ சுட்டால் அது காயம் இல்லை, சாட்சி. காப்பைக் கெடுத்தவனைத்தான் சுடும். அதனால் சூடுபட்டவன் யாரும் சுட்டது என்று சொல்ல மாட்டான், சுடவில்லை என்று சிரித்துக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போவான். அண்ணனும் அப்படித்தான் நடந்தார். ஆனால் ஓடியதை மறைக்க முடியுமா? மறுநாளே ஆளுக்கு ஒன்று பேசினார்கள். சாராயக் கடையில் பார்த்தேன் என்றான் ஒருவன். மச்சினன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டான் என்றான் இன்னொருவன்.

இதெல்லாம் அஞ்சலையக்காவை அசைக்கவில்லை. அவளை அசைத்தது அவளுடைய சொந்தக் கணக்கு. சாராயம் அவர் தொட்டதில்லை, அது அவளுக்குத் தெரியும். கருவாடு அவளைக் கேட்காமல் வாயில் படாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அவளிடம் அவர் வரவில்லை, அதுவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் யாரிடம் போனார்? நாலாம் நாள் காலையில், அப்பாவுக்குச் சோறாக்கிப் போடச் சொல்லி மகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு கரியமாணிக்கத்தில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு இது எதுவும் புத்தியில் உறைக்கவில்லை. காதில் விழுந்தது, ஐயோ பாவம் என்று நினைத்தேன், தராசில் குழந்தைகளை நிறுத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து அண்ணன் வந்தார். கதவைச் சாத்தினார். பாதத்தில் சுற்றியிருந்த பழந்துணியை அவிழ்த்தபோது நாற்றம் வந்தது. கோயில் சாம்பலும் மஞ்சளும் குழைத்து அப்பியிருந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து, தோல் சுருண்டு, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. இந்தக் காலோடு அவர் ஐந்து நாள் கரும்பு வெட்டியிருக்கிறார்.

"நர்சம்மா, புஸ்தகத்துல காலுன்னு எழுதாத. இருமல்னு எழுதிக்க" என்றார்.

சரி, இருமல் என்றே எழுதினேன். அவர் காலை மடிமேல் வைத்துக்கொண்டு, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவ ஆரம்பித்தேன். சாம்பல் கரைந்து, மஞ்சள் கரைந்து, அடியில் இருந்த பாதம் தெரிந்தது. என் கை நின்றுவிட்டது. அந்தக் குதிகால் எனக்குத் தெரிந்த குதிகால். நுரைக்கல் போட்டு நான் தேய்த்தது, களிம்பு போட்டு நான் உரித்தது, ஊரைக் கூட்டி நான் காட்டியது. பதினாலு வருஷம் அவருக்கும் நெருப்புக்கும் நடுவே இருந்ததை நான்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்போதே சொன்னேனா? இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இல்லை.  வேலைக்கு வந்து வருஷம் திரும்பவில்லை. வீட்டில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர். டெட்டனஸ் ஊசியைப் போட்டேன், செத்த தோலை வெட்டி எடுத்தேன், மஞ்சள் களிம்பு தடவி, கட்டுப் போட்டு, காலை ஊன்றாதே என்று அனுப்பினேன். டாக்டர் வந்த அன்று ஆள் பெயர் சொல்லாமல் விஷயம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டேன். தினமும் கொசு மருந்து விசாரிக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றினேன். அந்த வீட்டில் மட்டும் என்ன அவ்வளவு கொசு என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் போனபோது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன்.  அவர் மூன்று ஜெபம் சொல்லச் சொல்லிவிட்டு, அந்தக் களிம்பின் பெயர் என்ன, எனக்கும் வெடிப்பு இருக்கிறது என்றார். பாவம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மறுநாள் கட்டு மாற்றும்போது அவர் மகள் கருகிய சோற்றைத் தட்டில் போட்டு அப்பாவிடம் நீட்டியதைப் பார்த்தேன். அவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பாவம் எங்கேயும் போகவில்லை.

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பாகூரில் இறங்கி மாறி, கரியமாணிக்கம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அஞ்சலையக்கா தம்பி வீட்டுக் களத்தில் வேர்க்கடலைச் செடியிலிருந்து மணிலாக் கொட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"சமாதானம் பேச வந்தியா? பதினெட்டு நாளு எம் பக்கம் திரும்பல. அப்ப காப்ப எங்க கெடுத்தாருன்னு நான் கேக்க மாட்டனா?"

நான் களத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோலைப் பற்றி, களிம்பைப் பற்றி, தடித்த தோல் இருந்தால் சூடு உள்ளே போக நேரம் பிடிக்கும், மெலிந்த தோலில் உடனே போய்விடும் என்பதைப் பற்றி. பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன், அதனால் பாடம் சரியாக வரவில்லை. அவள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள். அவ்வளவு நாளில் அவள் என்னை டி போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ உயிர் வந்த மாதிரி இருந்தது.

அடுத்த பஸ்ஸிலேயே இரண்டு பேரும் திரும்பினோம். வழியெல்லாம் அவள் திட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில் நின்று ஊரைக் கூட்டிக் கேட்கப் போகிறாளாம். சாராயக் கடையில் பார்த்தேன் என்றவனை இழுத்து வந்து நிறுத்தப் போகிறாளாம். நானும் வருகிறேன், நானே சொல்கிறேன் என்றேன். ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு தைரியம் வரும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து அவரிடம் சொன்னோம். அவர் கட்டுப் போட்ட காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். அஞ்சலையக்காவைப் பார்த்ததில் முகம் மலர்ந்தது, எங்கள் திட்டத்தைக் கேட்டதும் அந்த முகம் சுருங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையாட்டினார். ஏன் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தோலு மெலுசானதாலதான் சுட்டுதுன்னு சொன்னா, இத்தினி வருசம் சுடாம இருந்ததுக்கும் தோலுதான் காரணம்னு ஆயிடும். அப்ப ஆத்தாளுக்கு அதுல இன்னா வேல? எம் மேல தப்புன்னே இருக்கட்டும்."

 நான் அவர் கட்டின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன். அஞ்சலையக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் பேசுமே, மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா என்று மெல்லக் கேட்டாள். பேசிவிட்டுப் போகட்டும், உனக்குத் தெரியுமில்லையா, எனக்கு அது போதும் என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கஞ்சி வைக்கிற சத்தம் கேட்டது. ஊரைக் கூட்டுகிற பேச்சு அதோடு முடிந்தது.

காயம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. ஊர் ஆறவில்லை. கரகத்துக்குப் பின்னால் போகிற இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள், அண்ணன் கடைசியில் இறங்கட்டும் என்றார்கள். அவர் சரி என்றார். ரப்பர் செருப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த தை, மாசியில் குதிகால் மறுபடி பிளந்து ரத்தம் கசிந்தது. வழியில் பார்ப்பேன், கை துறுதுறுக்கும், பையில் களிம்பும் இருக்கும். வாயை மூடிக்கொண்டு போவேன்.

அடுத்த வைகாசியில் எல்லோரும் இறங்கி முடித்த பிறகு, கூட்டம் கலைகிற நேரத்தில், அவர் இறங்கினார். நானும் அஞ்சலையக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள், கலந்துதான் கூப்பிட்டேன். பத்து அடி. வரப்பில் போகிற நடை. பால்குழியில் காலை நனைத்துவிட்டு நிற்காமல் போனார். ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. அஞ்சலையக்கா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்த வருஷக் கடைசியில் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

இப்போதும் அந்தத் தீமிதிக்குப் போகிறேன். ஓய்வு பெற்ற பிறகு முதலுதவி மேசையில் உட்காரக் கூப்பிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிறது. தண்ணீர் டிரம், வெள்ளைத் துணி, களிம்பு எல்லாம் தயார். கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பாதம் போல இருக்கிறது எல்லாருக்கும். பாதிப் பேர் ஓடுகிறார்கள், யாரும் எண்ணுவதில்லை. சூடுபட்டவன் நொண்டிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து, ஆன்ட்டி, சுட்டுடுச்சி, பாருங்க என்று காலை நீட்டுகிறான், கூட வந்தவன் அதை போனில் படம் பிடிக்கிறான். என்ன தப்புச் செய்தாய் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. நல்லதுதான். ஆறு நாள் சீழ் வைத்து மறைக்கிறவர்கள் இல்லை. நான் குறை சொல்லவில்லை.

போன வருஷம் தீமிதிக்குப் போனபோது அண்ணன் வீட்டுக்கும் போனேன். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. அஞ்சலையக்கா அவர் கால்மாட்டில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பாதத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் தரையில் படாத பாதம், தொட்டால் பஞ்சாக இருந்தது. அவர் வாய் கொஞ்சம் கோணியிருந்தது, ஆனால் பேச்சு புரிந்தது.

"இப்ப எறங்குனா சுட்டுடும் இல்ல, நர்சம்மா?"

சுடாதுண்ணே என்றேன். அந்த இருமலை விட்டால், முப்பத்தைந்து வருஷத்தில் தீக்காயத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய். அவர் சிரித்தார். அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த வருஷம் காப்புக் கட்டிய மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். செருப்பில்லாமல் கிருமாம்பாக்கம் தார் ரோட்டைத் தாண்டும்போது ரோடு சுட்டிருக்கிறது. அதுவரைக்கும் அவரை எந்த ரோடும் சுட்டதில்லை.

தெரிந்துமா இறங்கினீர்கள் என்று கேட்டேன். காப்புக் கட்டிவிட்டேனே என்றார். அப்படியென்றால் ஊரில் சொல்லியிருக்கலாமே, ஆத்தாளுக்காக வேண்டாம் என்றீர்களே என்று கேட்டேன்.

"அதுவும்தான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேதக்காரப் பொண்ணு. புதுசா வேலைக்கு வந்தவ. கரகத்துக்குப் பின்னால போறவன் காலக் கெடுத்தவ நீன்னு தெரிஞ்சா, உன்ன இருக்க வுட்டிருப்பானுங்களா?"

நான் அஞ்சலையக்காவைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கஞ்சி வைக்க எழுந்தாளே, அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மகளைக் கட்டிக்கொடுக்க அவர்கள் எத்தனை வாசலில் அந்தப் பேச்சைக் கேட்டார்களோ. நான் அப்போது வேறு ஊரில், வேறு பெஞ்சில், வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை பிறந்து பத்தாம் நாள் அவர் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் அந்த நீலக் கரை வெள்ளைப் புடவையைக் கட்டினேன். அது அவர் எனக்கு விட்டுக்கொடுத்தது. ஒரு நாளும், ஒரு வார்த்தையும், அதை அவர் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. அன்று நான் கேட்டிருக்காவிட்டால் சொல்லாமலேயே போயிருப்பார். அப்படி ஒரு ஆள் இப்போது அந்த ஊரில் இல்லை.